முதல் அறையில் ஏன் யாரும் சுடுவதில்லை?

அரசு கொடுத்த இலவச லேப்டாப் ஒரு வீட்டுக்குள் நுழைந்து பத்து நாள் ஆகிவிட்டால் அதில் மூன்று விஷயங்கள் கட்டாயம் இருக்கும். அம்மாவுக்குப் பிடித்த பழைய பாட்டுகள், யாரோ பென் டிரைவில் கொண்டுவந்த நாலைந்து படங்கள், அப்புறம் ‘ஐ.ஜி.ஐ.’ எங்கள் வானூர் பக்கம் நான் பார்த்த வரைக்கும் இதுதான் கணக்கு.

லேப்டாப் திட்டம் தொடங்கியது 2011 செப்டம்பரில். ‘ப்ராஜெக்ட் ஐ.ஜி.ஐ.’ வெளிவந்தது 2000 டிசம்பரில். பதினோரு வருடப் பழைய சரக்கு! ஆனால் புது கேம் எதையும் அந்த லேப்டாப் தாங்காது, இதைத் தாங்கியது. திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் பாண்டிச்சேரியிலும் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து ஆடிய ஆட்டம், அப்படித்தான் கிளியனூரிலும் மயிலத்திலும் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்தது.

“டுப்பு டுப்புனு சுடறதுல அப்படி என்னடா இருக்கு?” என்று கேட்காத அப்பா இல்லை. நியாயமான கேள்விதான். ஆனால் அந்த விளையாட்டுகளில் சுடுவது பாதிகூட இல்லை. மீதியெல்லாம் இடம். கதவு எந்தப் பக்கம், வெளிச்சம் எங்கே விழுகிறது, மூலை திரும்பினால் எத்தனை பேர், உயிர் குறையும்போது மருந்துப்பெட்டி எத்தனை அடி தள்ளிக் கிடக்கிறது? இவற்றையெல்லாம் யோசித்து ஒரு கட்டத்தை அமைப்பதற்கு லெவல் டிசைன் என்று பெயர். கட்டத்துக்குக் கட்டம் சிரமத்தை எவ்வளவு ஏற்றுவது, எங்கே கொஞ்சம் இறக்கி மூச்சு விடவைப்பது என்பது அதன் இன்னொரு பாதி. மலைப்பாதை மாதிரி அது ஏறி, இறங்கி, மறுபடி ஏறும் கோடு.

பாட்டிகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். அஞ்சாங்கல் ஆடியவர்கள் அவர்கள். ஒரு கல்லை மேலே எறிந்து, அது கீழே வருவதற்குள் தரையில் கிடப்பதை ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். அடுத்து இரண்டிரண்டாக. அடுத்து மூன்றும் ஒன்றும். அப்புறம் நாலையும் ஒரே வாரலில். புதுக் கல் எதுவும் வருவதில்லை, கையும் அதே கைதான். கேட்கப்படும் கேள்வி மட்டும் மாறிக்கொண்டே போகிறது. தோற்றாலும் யார்மேலும் கோபம் வராது, எங்கே தவறவிட்டோம் என்பது நமக்கே தெரியும்.

இதே சூத்திரத்தை கம்ப்யூட்டரில் அழகாகச் செய்து காட்டியது ‘டூம்’. அமெரிக்காவின் ஐடி சாஃப்ட்வேர் 1993 டிசம்பர் 10 அன்று வெளியிட்டது. (ரத்தம் கொஞ்சம் அதிகம். சின்னப் பிள்ளைகளுக்கானது இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.) அதற்கு முந்தைய வருடம் இதே நிறுவனம் கொடுத்த ‘வோல்ஃபென்ஸ்டைன் 3டி’யில் எல்லாச் சுவரும் நேர்கோணம், எல்லாத் தரையும் ஒரே மட்டம். தாயக்கட்டத்துக்குள் நடப்பது மாதிரி இருக்கும். டூமில் படிக்கட்டு வந்தது, மேடு பள்ளம் வந்தது, இருட்டு வந்தது. இடம் என்ற ஒன்றுக்கே குணம் வந்தது.

டூமின் முதல் கட்டத்தை அமைத்தவர் ஜான் ரொமேரோ. ஆட்டம் தொடங்கும் அறையில் எதிரி கிடையாது. நாலு எட்டு நடந்து பார்க்கலாம், திரும்பிப் பார்க்கலாம், பொத்தான்களை அமுக்கிப் பார்க்கலாம். ஜன்னல் வழியே வெளியில் ஒரு முற்றம் தெரியும். அங்கே எப்படிப் போவது என்று தெரியாது. ‘இதை அமுக்கு, அங்கே போ’ என்று திரையில் எந்த எழுத்தும் வராது. ஆனால் அந்த முற்றத்தைப் பார்த்த கணத்திலேயே, வழி இருக்கும், தேடணும் என்ற எண்ணம் மனசில் விழுந்துவிடும். நிஜமாகவே வழி உண்டு, கொஞ்சம் ஒளித்து வைத்திருப்பார்கள். வெளியே ஓர் இடம் கண்ணுக்குத் தெரிந்தால் அங்கே போகவும் முடிய வேண்டும் என்பது ரொமேரோ தனக்குத்தானே போட்டுக்கொண்ட விதிகளில் ஒன்று. தாண்டிப்போன இடத்துக்கே ஆட்டக்காரரை மறுபடி மறுபடி கொண்டுவர வேண்டும் என்பது இன்னொன்று. அப்போதுதான் இடம் பழகும்.

இன்னொரு சங்கதி. அந்த முதல் கட்டத்தை அவர் அந்தப் பாகத்திலேயே கடைசியாகத்தான் செய்தார். மற்றக் கட்டங்களையெல்லாம் செய்து கை தேறிய பிறகு, புதிதாக வருபவருக்கான வாசலைக் கட்டினார். நம்மூரில் வீடு கட்டுகிறவர்கள் வாசற்காலுக்கு நாள் பார்த்து மெனக்கெடுவது போலத்தான்.

வாசல் என்றதும் எனக்குத் திருவக்கரை ஞாபகம் வருகிறது. வானூர் தாலுகாக்காரர்களுக்கு வக்கிரகாளியம்மனைச் சொல்ல வேண்டியதில்லை. பொதுவாக சிவன் கோயில்களில் கோபுர வாசலில் நின்றாலே கொடிமரம், நந்தி, மூலவர் எல்லாம் ஒரே கோட்டில் அமைந்திருக்கும். திருவக்கரை சந்திரமௌலீஸ்வரர் கோயிலில் இவை ஒன்றுக்கொன்று விலகி இருக்கும். அதற்கான ஆன்மிகக் காரணங்களைப் பெரியவர்கள் சொல்வார்கள், அதற்குள் நான் போகவில்லை. நடந்து போகிறவரின் கண்ணை மட்டும் சொல்கிறேன். வாசலிலேயே எல்லாம் தெரிந்துவிட்டால் கால் நின்றுவிடும், கொஞ்சம் மறைந்திருந்தால் கால் தானாக உள்ளே போகும். எதை எந்த இடத்திலிருந்து காட்டுவது, எதை மறைப்பது என்பதுதான் ஒரு கட்டத்தை அமைப்பவரின் முதல் வேலை.

டூமின் சிரம ஏற்றத்துக்கு வருவோம். முதல் பாகத்தின் எட்டாவது கட்டத்தில் இரண்டு பெரிய அரக்கர்கள் வருவார்கள். அதுவரை ஆடியதெல்லாம் வீண் என்று நினைக்கும் அளவுக்கு அடிப்பார்கள். அடுத்த பாகங்களில் அதே அரக்கர்கள் சாதாரண வாயில்காவலர்கள் மாதிரி ஆங்காங்கே நிற்பார்கள். பெரிய துப்பாக்கியோடு அவர்களைக் கடந்து போகும்போதுதான், நாம் எவ்வளவு தேறியிருக்கிறோம் என்பது உறைக்கும். மார்க் ஷீட் கொடுக்காமலே தேர்ச்சியை உணரவைக்கும் வித்தை இது. அந்த அடுத்த பாகங்களின் கட்டங்களில் பெரும்பான்மையைச் செய்தவர் சாண்டி பீட்டர்சன். கடைசி நேரத்தில் வேலைக்குச் சேர்ந்து, சுமார் பத்து வாரத்தில் 19 கட்டங்களை முடித்தார். அவற்றில் சில அவசரத்தில் செய்தவை என்பது ஆடினால் தெரியும்.

ஆடும் முன்பே சுலபமா கடினமா என்று தேர்ந்தெடுக்கலாம். மிகச் சுலபத்தை எடுத்தால் உடம்பில் படும் அடி பாதி, கிடைக்கும் தோட்டா இரண்டு மடங்கு. மேலே போகப் போக அதே அறையில் நிற்கும் எதிரிகளின் எண்ணிக்கை கூடும். 1996-ல் வந்த ‘குவேக்’ இன்னும் ஒரு படி மேலே போய், பட்டியலையே எடுத்துவிட்டது. சுலபம் வேண்டுமா, அந்த வழியே நடந்து போ. கடினம் வேண்டுமா, கொதிக்கும் எரிமலைக் குழம்பைத் தாண்டிப் போ. அதையும்விடக் கடினமானதற்கு வாசலே ஒளிந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்க முடிந்தவன்தான் அதற்கு லாயக்கு என்று அர்த்தம்!

இப்போது நம்ம ஐ.ஜி.ஐ. இந்தப் பாடங்களை எல்லாம் வைத்துப் பார்த்தால் அது பாதிக்கு மேல் ஃபெயில்.

நார்வே நாட்டு இன்னர்லூப் நிறுவனம் செய்தது அது. அதற்கு முன் அவர்கள் செய்தது போர் விமானம் ஓட்டும் விளையாட்டு. அந்த விமான விளையாட்டின் அடிப்படையை வைத்தே இதையும் கட்டினார்கள். அதனால்தான் ஐ.ஜி.ஐ.யில் அவ்வளவு பெரிய மலை, அவ்வளவு தூரத்துக்கு வெட்டவெளி. டூமில் நம்மைத் தாழ்வாரம் கையைப் பிடித்து அழைத்துப் போகும். இங்கே முள்வேலி போட்ட ராணுவ முகாம் ஒன்று தூரத்தில் தெரியும், கையில் பைனாகுலர் இருக்கும். எப்படிப் போவது என்பது உன் பாடு. கேமரா கண்ணில் பட்டால் அலாரம் அடிக்கும், ஆட்கள் ஓடிவருவார்கள். நாலைந்து குண்டு பட்டால் கதை முடிந்தது.

அதைவிடக் கொடுமை, நடுவில் சேவ் செய்ய முடியாது. மொத்தம் 14 மிஷன். ஒவ்வொன்றையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். அரை மணி நேரம் வேலி வேலியாகத் தவழ்ந்துபோய், கடைசி வாசலில் ஒருவன் கண்ணில் பட்டு விழுந்தால் முதலிலிருந்து ஆரம்பம். வெளிவந்த காலத்திலேயே விமர்சகர்கள் இதைக் கடுமையாகச் சொன்னார்கள். 2003-ல் வந்த இரண்டாம் பாகத்தில், ஒரு மிஷனுக்கு இத்தனை முறை என்று எண்ணி சேவ் செய்ய அனுமதி கொடுத்தார்கள்.

பிரவுசிங் சென்டரில் இதன் விலை ரூபாயில் தெரியும். வீட்டில் பேட்டரியில் தெரியும். மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2012 வாக்கில், லேப்டாப் மூலையில் எத்தனை சதவிகிதம் மிச்சம் என்று பார்த்துத்தான் சுற்றிப் போவதா, நேராக வாசலில் பாய்வதா என்று முடிவெடுப்போம். இன்னர்லூப்காரர்கள் இந்தச் சிரமத்தைத் திட்டமிட்டிருக்க முடியாது, அது தமிழ்நாட்டு எடிஷன்.

பாடத்தில் இத்தனை ஓட்டை இருந்தும் இத்தனை பேர் எப்படித் தேறினார்கள்? நாற்காலிக்குப் பின்னால் நின்ற அண்ணன்களால்தான்.

ஒருவன் ஆட, நாலு பேர் பின்னால் நிற்பார்கள். அதில் ஏற்கெனவே முடித்தவன் ஒருவன் இருப்பான். “வலது பக்க வேலியோரமா போடா, கேமரால விழமாட்ட.” “அந்த ஏணில ஏறாத, மேல ஒருத்தன் நிப்பான்.” “மொதல்ல கம்ப்யூட்டர் ரூம், அப்பறம்தான் கேட்டு.” திரையில் வரும் ஆங்கிலம் பாதிப் பேருக்குப் புரியாது. கதையில் யார் யாரைத் தேடுகிறார்கள் என்பது இன்றுவரை தெரியாமல் 14 மிஷனையும் முடித்தவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. ஆனால் எந்தக் கொட்டகைக்குப் பின்னால் எத்தனை பேர் என்பது வாய்வழியாகவே திண்டிவனத்திலிருந்து மரக்காணம் வரை போய்ச் சேர்ந்தது. விளையாட்டு சொல்லித்தராமல் விட்டதை ஊர் சொல்லித்தந்தது.

இதற்கு நேர் எதிரான காட்சி ஒன்று உண்டு. 1998-ல் ‘ஹாஃப் லைஃப்’ விளையாட்டைச் செய்த வால்வ் நிறுவனம், வெளியாட்களைக் கூட்டிவந்து ஆடவைத்தது. செய்தவர்கள் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார்கள், வாயைத் திறக்கக் கூடாது. ஆடுகிறவர் வழி தெரியாமல் ஒரே சுவரைச் சுற்றிச் சுற்றி வந்தாலும் சொல்லக் கூடாது. குறிப்பெடுத்துக்கொண்டு போய், அவரைக் குறை சொல்லாமல் சுவரை மாற்றுவார்கள். ஹாஃப் லைஃபை ஆடியவர்களுக்கு அதன் சிரமம் ஏறுவதே தெரியாமல் ஏறுவதற்கு இதுதான் காரணம். எனக்கு அந்த விளையாட்டின்மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனாலும் ஐ.ஜி.ஐ. ஆடிய மாதிரி நாலு பேராக நின்று யாரும் ஹாஃப் லைஃப் ஆடி நான் பார்த்ததில்லை. எல்லாவற்றையும் அதுவே சொல்லிக்கொடுத்துவிடுவதால் அண்ணனுக்கு அங்கே வேலை இல்லை.

பிரவுசிங் சென்டர்களின் இன்னொரு செல்லப்பிள்ளை ‘கவுன்டர் ஸ்ட்ரைக்’. அங்கே எதிரே இருப்பது பக்கத்து நாற்காலி ஆள். அதனால் சிரமத்தை ஏற்றி இறக்க முடியாது, இரண்டு தரப்புக்கும் சமமாக வைக்கத்தான் முடியும். இரண்டு அணியும் ஓடிவந்தால் எந்த மூலையில், எத்தனை விநாடியில் முட்டிக்கொள்வார்கள் என்பதுதான் அங்கே கணக்கு. அதில் புகழ்பெற்ற ‘டஸ்ட்’, ‘டஸ்ட் 2’ வரைபடங்களைச் செய்த டேவ் ஜான்ஸ்டன் அப்போது இங்கிலாந்தில் ஒரு டீன் ஏஜ் பையன். கம்பெனி ஊழியர்கூட இல்லை.

இன்று போனில் ஆடும் பிள்ளைகளுக்குக் கட்டம் என்ற ஒன்றே பெரும்பாலும் கிடையாது. நூறு பேரை ஒரு தீவில் இறக்கிவிடுகிறார்கள். புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் சில ஆட்டங்களில் எதிரே வருவதில் பெரும்பகுதி ‘பாட்’ எனப்படும் கம்ப்யூட்டர் பொம்மைகள். சுலபமாக ஜெயிக்கலாம், தான் பெரிய வீரன் என்று தோன்றும். பிறகு நிஜ ஆட்கள் வருவார்கள், தோல்வி தொடங்கும், அதே நேரத்தில் காசு கொடுத்து வாங்கும் சட்டையும் துப்பாக்கிப் பெயின்ட்டும் கண்ணில் படும். இதுவும் ஒரு சிரம ஏற்றம்தான். டூமில் எதனால் செத்தோம் என்று தெரிந்தது, அடுத்த முறை அந்த மூலையில் நிதானித்தோம். நூறு பேர் நடுவில் எங்கிருந்தோ வந்த குண்டில் விழும் பிள்ளைக்குக் கற்றுக்கொள்ள என்ன மிச்சம் இருக்கிறது என்பதுதான் என் கவலை.

வீட்டில் இருக்கும் பெரியவர்கள் ஒருமுறை பின்னால் உட்கார்ந்து, “எங்கப்பா செத்த? ஏன்?” என்று கேட்டுப் பாருங்கள். பதில் இடத்தைப் பற்றி வந்தால் பிள்ளை ஏதோ யோசித்து ஆடுகிறான் என்று அர்த்தம். “லேக் ஆயிடுச்சு”, “ஏமாத்திட்டான்” என்றே நாலு தடவையும் வந்தால் போனை வாங்கி வைப்பதில் தப்பில்லை.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. டூமின் மூலநிரலை 1997-லேயே பொதுவில் விட்டுவிட்டார்கள். அதற்குப் புதுக் கட்டம் வரையும் மென்பொருள்கள் இலவசம், பரணில் கிடக்கும் பழைய அரசு லேப்டாப் உயிரோடு இருந்தால் அதிலேயே ஓடும் சின்ன மென்பொருள்களும் உண்டு. எந்த இடத்தை வரைவது என்று கேட்பார்கள். கோயிலும் பள்ளிக்கூடமும் வேண்டாம். ஊரோரம் மூடிக்கிடக்கும் ரைஸ் மில் போதும். நெல் கொட்டும் களம், இருட்டான கிடங்கு, மேலே ஏறும் இரும்பு ஏணி, பின்பக்கம் யாரும் கவனிக்காத ஒரு சின்னக் கதவு. வரைந்து முடித்ததும் தம்பியை உட்காரவைத்து ஆடச் சொல்லிவிட்டு, பின்னால் நின்று வாயைத் திறக்காமல் பார்க்கச் சொல்லுங்கள். அதுதான் ரொம்பக் கஷ்டம்.