சன்னலில் ஒட்டிய வெள்ளம்

தம்பி! 2015 டிசம்பரில் சென்னை தத்தளித்தது. அடையாறு கரை புரண்டது, குடிசைகள் போயின, உயிர்களும் போயின. 3ஆம் நாள் பிரதமர் மோடி வானூர்தியில் வந்து பார்த்தார். மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் படம் வெளியிட்டது. சன்னலுக்கு வெளியே, நீர் சூழ்ந்த வீடுகள் பளிச்செனத் தெரிந்தன! மாற்றாத படத்திலோ அங்கே மங்கல்தான். ஊர் சிரித்தது; படத்தை நீக்கினர்; இரு படங்களை இணைத்துவிட்டோம் என்றனர். வெள்ளத்துக்கா பஞ்சம், வெட்டி ஒட்டுவதற்கு?

அமெரிக்காவிலும் இந்தக் கூத்து உண்டு. 2017இல் ஹூஸ்டன் நகர நெடுஞ்சாலை வெள்ளத்தில் சுறா நீந்துவதாக ஒரு படம் உலவிற்று. தென்னாப்பிரிக்கக் கடலில், படகின் பின்னே நீந்தியபோது படமெடுத்த சுறா அது! 2011இல் போர்ட்டோ ரீக்கோ வெள்ளத்திலும் அதே சுறாதான் 'நீந்தியது'.

கைப்பேசிக்குப் படம் வந்ததும் அனுப்பிவிடாதே. கடைப் பலகையில் எந்த மொழி? வண்டியின் எண் எந்த மாநிலம்? நிழல்கள் ஒரே பக்கம் சாய்கின்றனவா? அப்படத்தையே இணையத்தில் இட்டுத் தேடு. பழைய ஆண்டு பல்லிளிக்கக் கூடும். அனுப்பியவர் நம் கழகத் தோழரே ஆயினும் தேடு!

பொய்ப்படம் பத்து பார்த்துச் சலித்தவன், மொட்டை மாடியில் குழந்தையோடு நிற்கும் தாயின் படத்தையும் ஒட்டுவேலை என்று தள்ளிவிட்டால், அவளிடம் படகு போவது எப்போது?