பாராசூட் முந்தியா, காமிரா முந்தியா?

கொல்லிமலை அடிவாரத்திலுள்ள காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து வாலிப நேயர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். வடநாடு சென்று ஆகாய விமானத்திலிருந்து பாராசூட் கட்டிக்கொண்டு குதிக்கப் போவதாகவும், அக்காட்சியைப் படம் பிடிக்க எந்தக் காமிரா சிறந்தது, அதைத் தலையில் மாட்டுவதா மணிக்கட்டில் கட்டுவதா என்பதை நாம் தெரிவிக்க வேண்டுமென்றும் கேட்கிறார். மூன்று பக்கக் கடிதத்தில் காமிராவைப் பற்றி இரண்டரைப் பக்கம் இருக்கிறது. பாராசூட்டை மடித்துக் கட்டுவோர் யார், அது விரியாமற்போனால் செய்ய வேண்டுவது என்ன என்ற கேள்வி ஓரிடத்திலும் இல்லை. நேயரை நாம் குறை கூறவில்லை. இன்றைய வாலிபர் பலரின் மனநிலை இதுவே ஆதலால், அவருக்கு எழுத வேண்டிய பதிலைப் பொதுவில் எழுதத் துணிந்தோம்.

வாலிபர்களுக்குத் துணிவு வேண்டாம் என்று உபதேசிப்போர் கட்சியில் நாம் சேர்ந்தவரல்லோம். 1890-ம் வருஷத்திலேயே கல்கத்தாவில் ராம் சந்திர சட்டர்ஜி என்னும் வங்காளி பலூனில் ஏறிப் பாராசூட் மூலம் பூமியில் இறங்கினார். ஐரோப்பியருக்கே உரியது என்று எண்ணப்பட்டிருந்த வித்தையை ஓர் இந்தியர் செய்து காட்டியதைக் கண்டு அந்நகரம் களி கொண்டது. நமது காலத்தில் ரேச்சல் தாமஸ் 2002-லும், ஷீதல் மகாஜன் 2004-லும் வடதுருவத்தில் குதித்தார்கள். 1941-ல் நிறுவப்பட்ட கான்பூர் தொழிற்சாலையில் நம்மவர் கைகளே பாராசூட் தைக்கின்றன. ஆக்ராவிலுள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் போர் வீரருக்கும் விண்கலத்துக்கும் வேண்டிய பாராசூட்டுகளை வகுக்கிறது. ஆகவே, இவ்வித்தை நமக்கு அந்நியமானதன்று.

ஆனால் துணிவு வேறு, அலட்சியம் வேறு. காளப்பநாயக்கன்பட்டியைத் தாண்டிக் காரவள்ளி வழியாகக் கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அச்சாலையில் பாரவண்டியை இறக்கும் டிரைவர், புறப்படுமுன் பிரேக்கை மிதித்துப் பார்க்கிறார். டயரைத் தட்டிப் பார்க்கிறார். கீழ்க் கியரிலேயே வண்டியை இறக்குகிறார். அவரைக் கோழை என்று எவரேனும் சொல்வதுண்டா? லாரித் தொழிலில் பெயர் பெற்ற நாமக்கல் ஜில்லாவின் மக்களுக்கு இதை நாம் விளக்க வேண்டுவதில்லை. மலைச்சாலையில் நாம் மறவாத இவ்விதியை ஆகாயத்தில் மட்டும் மறந்துவிடுவானேன்?

மறந்ததன் பலனைத் தேடித் தூரதேசம் போக வேண்டியதில்லை. 1997-க்கு முன் நாமக்கல்லும் சேலமும் ஒரே ஜில்லாவாக இருந்தன. அந்தச் சேலத்தில் 2014-ம் வருஷம் பிப்ரவரி மாதம், பெங்களூரிலிருந்து வந்திருந்த இளம்பெண் ஒருவர் விமானத்திலிருந்து குதித்தார். பாராசூட் விரியவில்லை; உயிர் நீத்தார். போலீஸார் வழக்குப் பதிவு செய்தனர். 2018-ம் வருஷம் ஜூலை மாதம் கோயமுத்தூர் அருகே ஒரு கல்லூரியில் பேரிடர்ப் பயிற்சி என்ற பெயரால் மாணவி ஒருவர் இரண்டாம் மாடியிலிருந்து குதிக்க நிறுத்தப்பட்டார். அவர் தயங்கினார், பயிற்சியாளர் தள்ளினார், கீழ்த்தளத்தின் முகப்புப் பலகையில் தலை மோதி அப்பெண் இறந்தார். பயிற்சியாளருக்கும் தமக்கும் சம்பந்தமில்லை என்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பின்னர் அறிவித்தது. அந்நிகழ்ச்சி முழுவதும் படமாக்கப்பட்டு நாடெங்கும் பரவியதை வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். படம் எடுக்க ஆள் இருந்தது; மாணவியின் இடுப்பில் ஒரு காப்புக் கயிறு இல்லை.

இனிக் கருவிகளைப் பற்றிச் சிறிது கூறுவோம். ஆகாயத்தில் குதிப்பவர் முதுகில் இருப்பது ஒரு பாராசூட் அன்று, இரண்டு. முதலாவது விரியாமலோ முறுக்கிக்கொண்டோ போனால் அதைக் கழற்றி விட்டுவிட்டு, ரிசர்வ் எனப்படும் இரண்டாவதைத் திறக்க வேண்டும். பழுதான பாராசூட்டைக் கழற்றாமல் ரிசர்வைத் திறந்தால் இரண்டும் பின்னிக்கொள்ளக்கூடும். இதற்காகவே 1970-களில் பில் பூத் என்னும் அமெரிக்கர் மூன்று வளையங்கள் கொண்ட ஒரு கொக்கியை அமைத்தார். முழுப் பாரத்தையும் தாங்கி நிற்கும் அக்கொக்கி, ஒரு கைப்பிடியை இழுத்த மாத்திரத்தில் விடுபடும். குதிப்பவர் மயங்கினாலும், நேரத்தை மறந்தாலும், தானே ரிசர்வைத் திறக்கும் கருவியும் உண்டு. 1991-ல் ஜெர்மனியில் ஹெல்முட் கிளாத் செய்து வெளியிட்ட சைப்ரஸ் என்னும் கருவி அவ்வகையில் பெயர் பெற்றது. தேர்ந்தவர் அணியும்போது, சுமார் 750 அடி உயரத்தில் இன்னமும் பெருவேகத்தோடு விழுவதை உணர்ந்தால் அது ரிசர்வின் கட்டை அறுத்துவிடுகிறது.

750 அடி என்பது எவ்வளவு நேரம்? வயிறு பூமியை நோக்க விழும் மனிதன் மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் வேகத்தை அடைகிறான். அவ்வேகத்தில் 750 அடியைக் கடக்க நான்கு வினாடி போதும். 10,000 அடியில் குதித்து 5,000 அடியில் பாராசூட்டை விரிப்பவருக்கு விழும் நேரம் ஏறக்குறைய அரை நிமிஷந்தான். இவ்வரை நிமிஷத்தில் உயரமானியைப் பார்க்க வேண்டும். உடலை நிலைநிறுத்த வேண்டும். குறித்த உயரத்தில் கைப்பிடியை இழுக்க வேண்டும். விரிந்தது சரியாக விரிந்ததா என்று அண்ணாந்து பார்க்க வேண்டும். இவற்றுக்கிடையே முகத்தைக் காமிராவுக்குக் காட்டிச் சிரிக்கவும் வேண்டும் என்பவர், எந்த வேலையைக் கைவிடப் போகிறார்?

காமிராவின் அபாயம் கவனச் சிதறலோடு முடிவதில்லை. தலைக்கவசத்தின்மேல் முளைபோல் நிற்கும் எந்தப் பொருளும், விரியும் பாராசூட்டின் கயிற்றைச் சிக்கவைக்கக்கூடும். மணிக்கட்டில் கட்டினால் கைப்பிடியை எட்டும் கைக்கே அது இடையூறாகும். கனமான காமிரா, பாராசூட் விரியும் அதிர்ச்சியில் கழுத்தைப் பாதிக்கும். ஆதலால்தான் அமெரிக்கப் பாராசூட் சங்கத்தார், 200 முறையேனும் குதித்துத் தேர்ந்த பின்பே காமிரா அணியலாம் என்று ஆலோசனை கூறுகிறார்கள். அப்படி அணிவோரும், சிக்கல் நேர்ந்தால் ஒரு கையசைவில் கழற்றி எறியத்தக்க தலைக்கவசத்தையே அணிய வேண்டும்.

தேர்ந்தவரையும் காமிரா ஏமாற்றியதுண்டு. 1988-ம் வருஷம் ஏப்ரல் மாதம் அமெரிக்காவின் வட கரோலினாவில், 800 முறைக்கு மேல் குதித்த ஒருவர், மாணவர் குதிப்பதைப் படம் பிடிக்கக் காமிராவோடு விமானத்தில் ஏறினார். மாணவரைப் பின்தொடர்ந்து தாமும் குதித்தார். பாராசூட்டை அணிய மறந்துவிட்டார்! அவர் விழுந்தவரைக்கும் காமிரா தன் வேலையைச் செய்துகொண்டேயிருந்தது. ஏறுமுன் ஒருவர் அவரைத் திருப்பி நிறுத்தி முதுகைப் பார்த்திருந்தால் அவர் பிழைத்திருப்பார். இதற்கும் முந்தி, 1912-ம் வருஷம் பிப்ரவரி 4-ந் தேதி, பாரிஸ் தையற்காரர் பிரான்ஸ் ரைஷெல்ட், தாம் தைத்த பாராசூட் அங்கியைப் பொம்மைக்கு அணிவித்துச் சோதிப்பதாகச் சொல்லி அனுமதி பெற்று, படக்காரர் முன்னிலையில் ஈபெல் கோபுரத்தின் முதல் தளத்திலிருந்து தாமே குதித்து மாண்டார். அப்படம் இன்றும் இருக்கிறது.

ஆயினும் இவ்வித்தை சாவுக்கே உரியது என்று யாரும் கருத வேண்டாம். அமெரிக்காவில் 1970-களில் ஆண்டுதோறும் சராசரி 40 பேருக்கு மேல் இதில் மாண்டார்கள். 2023-ல் அங்கே சுமார் 36 லட்சம் முறை குதித்தும் மாண்டவர் 10 பேரே. கருவிகள் சீர்ப்பட்டது ஒரு காரணம். ஒவ்வொரு மரணமும் எவ்வாறு நேர்ந்தது, எந்தக் கட்டம் தவறியது என்பதை எழுதி அச்சிட்டுக் குதிப்போர் எல்லாரும் படிக்கும்படி செய்தது மற்றொரு காரணம். நம் நாட்டிலோ மரணம் நேர்ந்தால் முதல் நாள் பரபரப்பு, இரண்டாம் நாள் கைது, மூன்றாம் நாள் மௌனம்! தவறு எதுவென்று தெரியாதவரை அடுத்தவருக்கும் அதே தவறு காத்திருக்கிறது. இது எவரையும் பழிவாங்குவதற்காகச் சொல்வதன்று. இறந்தவரின் சாவிலிருந்து உயிரோடிருப்பவர் பாடம் கற்க வேண்டும் என்பதற்காகவே சொல்கிறோம்.

சட்ட விஷயமாகவும் ஒரு வார்த்தை. இத்தகைய முகாம்களில், எது நேர்ந்தாலும் நடத்துவோர் பொறுப்பல்ல என்று ஒரு பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது வழக்கம். கையெழுத்திட்டதோடு தம் உரிமை யாவும் ஒழிந்தன என்று வாலிபர் எண்ணுகிறார்கள்; நடத்துவோரும் அவ்வாறே எண்ணி நிம்மதியாக உறங்குகிறார்கள். இருவர் எண்ணமும் பிசகு. அஜாக்கிரதையால் மரணம் விளைவிப்பது ராஜ்யத்துக்கு விரோதமான குற்றம். தனி மனிதர் இருவர் செய்துகொள்ளும் உடன்படிக்கை அக்குற்றத்தைத் துடைக்காது. பழைய பீனல் கோடின் 304-ஏ பிரிவில் இரண்டு வருஷமாக இருந்த உச்ச தண்டனை, 2024 ஜூலை முதல் அமலிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ம் பிரிவில் ஐந்து வருஷமாக உயர்ந்திருக்கிறது. ஆனால் கோர்ட்டில் கிடைக்கும் எந்தத் தீர்ப்பும் போன பிராணனைத் திருப்பித் தராது. ஆதலால் சட்டத்தைப் பிறகு பார்க்கலாம். கட்டுகளை முன்பே பார்க்க வேண்டும்.

எவற்றைப் பார்ப்பது? சிவில் விமான இலாகாவின் அனுமதி முகாமுக்கு உண்டா என்று கேளுங்கள். ரிசர்வை மடித்துக் கட்டியவர் யார், எந்தத் தேதியில் என்ற அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். அமெரிக்காவில் 180 நாளுக்கு ஒரு முறை தகுதிச் சான்று பெற்றவர் அதைப் பிரித்துச் சோதித்து மீண்டும் கட்டி முத்திரையிட வேண்டும் என்பது விதி. நாமும் அதையே அளவாகக் கொள்வோம். தானியங்கிக் கருவி பொருத்தப்பட்டு இயங்குகிறதா என்று பாருங்கள். மார்பு வாரும் இரு தொடை வார்களும் இறுகியிருக்கின்றனவா என்று அணியுமுன்னும், விமானத்தில் ஏறுமுன்னும், குதிக்குமுன்னும் ஆக மூன்று முறை பாருங்கள். பிறரைக் கொண்டும் பார்க்கச் செய்யுங்கள். பயிற்சியாளரோடு சேர்த்துக் கட்டிக் குதிப்பதாயின், தோள்களில் இரண்டும் இடுப்பில் இரண்டுமாக நான்கு கொக்கிகளும் பூட்டப்பட்டனவா என்று வாய்விட்டுக் கேளுங்கள். படம் வேண்டுமானால் அது பயிற்சியாளரின் பொறுப்பிலோ, தேர்ந்த படக்காரரின் பொறுப்பிலோ இருக்கட்டும். முதன்முறை குதிப்பவர் கையில் ஒன்றும் இருக்கலாகாது.

இறங்கும் இடமும் காற்றும் முக்கியம். மணிக்கு 14 மைலுக்கு மேல் காற்று வீசினால் தனித்துக் குதிக்கும் மாணவரை அமெரிக்காவில் குதிக்க விடுவதில்லை. மரம், மின்கம்பி, கட்டிடம் ஆகியவற்றினின்றும் 100 மீட்டரேனும் விலகிய வெளியே அவர்கள் இறங்கத் தகுந்தது. கொல்லிமலையின் சரிவும் பள்ளத்தாக்கும் பார்வைக்கு அழகியவை. மலையில் மோதிச் சுழலும் காற்றோ புதியவருக்குச் சத்துரு. இக்காலத்தில் நேரும் மரணங்களில் பல, நன்றாக விரிந்த பாராசூட்டோடு தரைக்கு அருகில் வேகமாகத் திரும்புவதால் நேர்பவை என்பதையும் மனத்திற்கொள்ள வேண்டும். பாராசூட் விரிந்துவிட்டது என்பதற்காகக் கவனத்தை விட்டுவிடலாகாது.

சர்க்காருக்கும் நாம் கூறுவது உண்டு. துணிகர விளையாட்டுகளால் யாத்திரிகர் வருவர், பணம் வரும் என்று விளம்பரம் செய்பவர்கள், விபத்து நேர்ந்தால் அதன் காரணத்தை ஆராய்ந்து அறிக்கை வெளியிடும் கடமையையும் ஏற்க வேண்டும். அறிக்கை தமிழிலும் இருக்க வேண்டும். அனுமதி பெற்ற முகாம்களின் பட்டியல் எவரும் காணும்படி இருக்க வேண்டும். இவை பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்களல்ல.

குதிக்க விரும்பும் வாலிபர்களே! போங்கள், கற்றுக்கொள்ளுங்கள், நம் நாட்டுக்குப் பெயர் தேடித் தாருங்கள். ஆனால் மேலே சொன்ன கேள்விகளுள் ஒன்றுக்கேனும் முகாமில் நேரான பதில் கிடைக்காவிட்டால், விமானத்தின் படியில் கால் வைத்திருந்தாலும் இறங்கிவிடுங்கள். கட்டிய பணத்தைக் கேளுங்கள். அது திரும்பாவிட்டாலும் ஊருக்குப் புறப்படுங்கள். குதிக்காமல் திரும்பினான் என்று யாரேனும் நகைத்தால், நகைத்துவிட்டுப் போகட்டும்.