வட்டின் எதிரே விழுந்த இளைஞர்

கிரிக்கெட்டில் வேகப்பந்து வீச்சாளர் ஓடி வருகிறார். நீங்கள் மட்டையை விட்டுவிட்டு, பந்து வரும் வழியில் குறுக்கே படுத்துக்கொள்ள வேண்டும். அவர் நிற்பதோ ஆடுகளத்தின் மறுமுனையில் இல்லை, உங்களிடமிருந்து இரண்டே மீட்டர் தொலைவில். "இது என்ன பைத்தியக்காரத்தனம்!" என்பீர்கள்.

இதையே தொழிலாகச் செய்து பெயர் பெற்றார் ஸ்வீடன் நாட்டின் பொர்யே சால்மிங். 2022இல் மறைந்த அவர், ஐஸ் ஹாக்கி ஆட்டத்தில் ஒரு தடுப்பாட்டக்காரர். அவருடைய இளமைக்கால ஆட்டத்தைப் பார்த்தால், உங்கள் கணிதப் புத்தகத்தின் வடிவொத்த முக்கோணங்கள் அதில் ஒளிந்திருப்பது தெரியும்.

சால்மிங் 1951 ஏப்ரல் 17 அன்று பிறந்தார். ஊர் கிரூனா. துருவ வட்டத்துக்கும் வடக்கே ஏறத்தாழ 150 கி.மீ. தள்ளி உள்ள இரும்புச் சுரங்க ஊர் அது. டிசம்பரில் அங்கே சில வாரங்கள் சூரியன் உதிப்பதே இல்லை. தந்தை சாமி இனத்தவர். (சிரிக்க வேண்டாம், துருவப் பகுதியில் பனிமான் மேய்த்து வாழ்ந்த தொன்மையான மக்களின் பெயர் அது.) சுரங்க விபத்தில் தந்தை இறந்தபோது சிறுவனுக்கு வயது 5. அண்ணன் ஸ்டிக்கும் தடுப்பாட்டக்காரரே. 1970இல், பத்தொன்பது வயதில், சால்மிங் வெகு தெற்கே யேவ்லே நகரின் பிரூநேஸ் குழுவில் சேர்ந்தார். அந்தக் குழு 1971, 1972 ஆகிய இரு ஆண்டுகளிலும் நாட்டின் சாம்பியன் ஆயிற்று.

ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. ஒரு பக்கத்துக்கு ஆறு பேர். அவர்களில் ஒருவர் கோல் காப்பாளர், இருவர் தடுப்பாட்டக்காரர்கள். பந்து கிடையாது. 'பக்' எனப்படும் கறுப்பு ரப்பர் வட்டுதான் உண்டு. அதன் எடை 156 முதல் 170 கிராம் வரை. ஏறக்குறைய கிரிக்கெட் பந்தின் எடைதான். ஆட்டத்துக்கு முன் அதை உறைபெட்டியில் வைத்து எடுப்பார்கள். குளிர்ந்த ரப்பர் அதிகம் துள்ளாது.

தரை பனிக்கட்டி. சறுக்குக் காலணியின் கத்தி அதன்மேல் ஏன் வழுக்குகிறது? 'அழுத்தத்தால் பனிக்கட்டி உருகுகிறது' என்று பல பழைய நூல்களில் படித்திருப்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். கருவிகளோடு 90 கிலோ உள்ள ஆளின் எடை ஏறத்தாழ 900 நியூட்டன். கத்தி தொடும் பரப்பு 3 சதுர செ.மீ. என்று கொள்வோம். அழுத்தம் ஏறத்தாழ 30 வளிமண்டலம். இதனால் உருகுநிலை இறங்குவது கால் டிகிரி கூட இல்லை. ஆடுகளத்துப் பனிக்கட்டியோ சுழியத்துக்குக் கீழே ஐந்து டிகிரி அளவில் இருக்கும்! ஆகவே அழுத்தம் மட்டும் போதாது. உராய்வின் வெப்பமும், பனிக்கட்டியின் மேற்பரப்பில் மூலக்கூறுகள் தளர்வாகப் பிணைந்திருப்பதுமே முக்கியக் காரணங்கள். பழைய விளக்கத்தை இன்னும் எழுதிக்கொண்டிருக்கும் நூல்கள்மேல் எனக்குச் சற்றே கோபம் உண்டு.

சால்மிங்கிடம் திரும்புவோம். 1972இன் இறுதியில் ஸ்வீடனுக்கு வந்த ஒரு கனடியக் குழுவுடன் பிரூநேஸ் மோதியது. அங்கே அவரைக் கண்டவர் டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் குழுவின் ஆள்தேர்வாளர் ஜெர்ரி மெக்நமாரா. 1973இல் சால்மிங் டொராண்டோ போய்ச் சேர்ந்தார். வயது 22.

வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீகில் அப்போது ஐரோப்பாவில் பயின்றவர்கள் மிக அரிது. 1965இல் உல்ஃப் ஸ்டெர்னர் என்ற ஸ்வீடன்காரர் நான்கே ஆட்டங்கள் ஆடினார். அதோடு சரி. 'ஸ்வீடன்காரர்கள் நன்றாகச் சறுக்குவார்கள். ஆனால் மோதினால் ஓடிவிடுவார்கள்' என்பது அங்கே பரவியிருந்த பேச்சு. ஐரோப்பிய ஆடுகளம் 60 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். வட அமெரிக்காவில் அகலம் 26 மீட்டர்தான். ஒதுங்க இடம் குறைவு, மோதல் அதிகம். ஐரோப்பிய ஆட்டங்களில் களம் முழுவதும் உடலால் மோத விதி இடம் கொடுத்ததே 1969இல்தான். பழக்கத்தின் வேறுபாட்டைக் கோழைத்தனம் என்று பெயரிட்டார்கள்.

1973 அக்டோபர் 10 அன்று, முதல் ஆட்டத்திலேயே சால்மிங் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வு பெற்றார். அடுத்த ஆட்டம் பிலடெல்பியாவில். முரட்டு ஆட்டத்துக்குப் பேர்போன குழு அது. அடி, இடி, கைகலப்பு எல்லாம் விழுந்தன. அவர் ஊர் திரும்பவில்லை. அந்தப் பருவத்தில் 76 ஆட்டங்கள் ஆடினார்.

எதிரி வட்டை அடிக்கக் கோலை ஓங்கும்போது, அவர் விலகமாட்டார். நேரே அவரை நோக்கிப் பாய்ந்து குறுக்கே விழுவார். பின்வாங்கி நிற்பதுதானே பாதுகாப்பு?

கோலின் அகலம் 1.83 மீட்டர், உயரம் 1.22 மீட்டர். அடிப்பவர் 12 மீட்டர் தொலைவில் நேர் எதிரே நிற்கட்டும். அவருடைய வட்டிலிருந்து கோலின் நான்கு மூலைகளுக்கும் நூல் கட்டுங்கள். கோலுக்குள் புகும் வட்டு இந்த நூல்களுக்கு நடுவேதான் போயாக வேண்டும். அடிப்பவரிடமிருந்து 10 மீட்டரில், அதாவது கோலுக்கு அருகே, நூல்களின் இடைவெளி என்ன? வடிவொத்த முக்கோணத்தின்படி அகலம் ஒன்றரை மீட்டர், உயரம் ஒரு மீட்டர். இத்தனையையும் ஓர் ஆள் மறைக்க முடியாது. 2 மீட்டரிலோ அகலம் 30 செ.மீ., உயரம் 20 செ.மீ. விரித்துவைத்த நோட்டுப் புத்தகத்தின் அளவுதான்! படுத்திருக்கும் உடல் அதை முழுவதும் மறைத்துவிடும். இருட்டறையில் டார்ச் விளக்குக்கு முன் கையை நீட்டிப் பாருங்கள். விளக்கை நெருங்க நெருங்கச் சுவரில் நிழல் பெரிதாகும். கணக்கு அதேதான்.

ஆனால் இதற்கு விலை உண்டு. பலத்த அடியில் வட்டின் வேகம் விநாடிக்கு 40 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 170 கிராம் வட்டின் இயக்க ஆற்றல் 136 ஜூல். ஒரு கிலோ எடைக்கல்லை ஏறத்தாழ 14 மீட்டர் உயரத்திலிருந்து போட்டது போல! 2 மீட்டரைக் கடக்க அதற்கு ஆகும் நேரம் விநாடியில் இருபதில் ஒரு பங்கு. கண்ணால் கண்டு உடல் அசைய மனிதனுக்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வேண்டும். ஆகவே வட்டைப் பார்த்து விழ முடியாது. கோல் ஓங்கும்போதே, தோளும் இடுப்பும் திரும்புவதைக் கண்டு முடிவு செய்ய வேண்டும். தவறாகக் கணித்தால் அடிப்பவர் அடிப்பதுபோல் போக்குக் காட்டி, படுத்துக் கிடப்பவரைச் சுற்றிக்கொண்டு போய்விடுவார்.

சால்மிங் முக்கோணம் வரைந்து பார்த்துவிட்டு விழுந்தார் என்று நான் சொல்லவில்லை. கிரூனாவிலும் யேவ்லேயிலும் பல்லாயிரம் முறை ஆடிய உடலுக்கு விடை தெரிந்திருந்தது.

முதல் பருவத்தில் அவர் அடித்த கோல்கள் 5, பிறர் அடிக்க உதவியவை 34. 1976-77 பருவத்தில் உதவிய கோல்கள் மட்டும் 66. அந்தப் பருவம் தொடங்குமுன், 1976 செப்டம்பரில், பல நாடுகள் மோதிய கனடா கோப்பைப் போட்டி டொராண்டோவிலும் நடந்தது. ஸ்வீடன் குழுவின் பெயர்களை வாசித்தபோது, சால்மிங் என்ற பெயருக்கு அரங்கமே எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டியது. அன்று அவர் அணிந்திருந்தது டொராண்டோ சட்டை அல்ல, ஸ்வீடன் நாட்டுச் சட்டை.