ஆடும் வண்டியும் அடக்கும் குழாயும்

கொட்டாஞ்சேனையில் வாழும் நண்பர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் பழைய மெர்ஸிடிஸ் பென்ஸ் கார் ஒன்றை வாங்கினார். 124 என்னும் இலக்கத்தால் அறியப்படும் வகை அது. 1984ஆம் ஆண்டின் இறுதியில் அறிமுகமாகி, 1990களின் நடுப்பகுதி வரை உற்பத்தியானது. ஒரு காலத்தில் செல்வரும் உயர் அதிகாரிகளும் ஏறிச் சென்ற வண்டி. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025ஆம் ஆண்டு பெப்ரவரி வரை தனியார் கார்கள் வராதிருந்த காலத்தில், இத்தகைய முதிய வண்டிகளைப் பேணி ஓட்டுவதன்றி நடுத்தரக் குடும்பத்தவர் பலருக்கு வேறு வழி இருக்கவில்லை. நண்பரும் தமது வண்டியை அன்புடன் பேணினார். நிறம் பூசினார், இருக்கைகளைப் புதுப்பித்தார், பிரேக் கட்டைகளையும் புதிதாக மாற்றினார். “இதில் ஏறினால் ஏணையிற் கிடப்பது போலிருக்கிறது” என்று காண்போரிடமெல்லாம் பெருமை பேசினார்.

அந்தப் பெருமைதான் நோயின் முதல் அறிகுறி என்பதை அவர் அறியவில்லை. அதனை விளக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

ஒரு மழைநாள் இரவு, வெளிநாட்டிலிருந்து வரும் மகளை அழைத்துவர, அவர் மனைவியுடன் கட்டுநாயக்க அதிவேக நெடுஞ்சாலை வழியே விமான நிலையத்துக்குச் சென்றுகொண்டிருந்தார். முன்னே சென்ற வாகனம் திடீரென வேகத்தைக் குறைத்தது. இவர் பிரேக்கை அழுத்தினார். வண்டியின் முகம் நிலத்தை நோக்கித் தாழ்ந்தது. பின்புறம் இலேசாகி அலைந்தது. புதிய பிரேக் கட்டைகள் சில்லுகளை இறுகப் பற்றியும், வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. முன்னாலிருந்த வாகனத்துக்கும் இவருடையதற்கும் இடையே ஒரு முழ இடைவெளியே எஞ்சியது. எவருக்கும் காயமில்லை. மறுநாட் காலை, பிரேக்கைத் திட்டிக்கொண்டே அவர் கராஜுக்குச் சென்றார்.

அங்கே முதிய மெக்கானிக் ஒருவர் வண்டியின் கீழே குனிந்து பார்த்தார். முன்சில்லுகளின் உட்புறத்தில், எண்ணெய் கசிந்து தூசி படிந்து கறுத்திருந்த இரண்டு குழாய்களைச் சுட்டிக்காட்டினார். “ஐயா, பிரேக்கில் குற்றமில்லை. ஷொக் இரண்டும் செத்துப் பல நாளாயிற்று” என்றார்.

ஷொக் அப்சோபர் என்பதை அதிர்வு தாங்கி என்று தமிழில் எழுதுகிறோம். எனினும் அப்பெயர் நம்மை ஓரளவு ஏமாற்றுகிறது. வீதியிலுள்ள குழியின் அதிர்ச்சியைத் தாங்குவது அந்தக் குழாயன்று, சுருள்வில்லே. சில்லு குழியில் இறங்கி ஏறும்போது வில் சுருங்கி, அந்த வேகத்தைத் தன்னுள் வாங்கிக்கொள்கிறது. ஆனால் வாங்கியதை அது வைத்திருப்பதில்லை; உடனே திருப்பிக் கொடுக்கிறது. சுருள்வில்லிற் கட்டிய ஏணையை ஒரு முறை இழுத்து விடுங்கள். அது பல முறை மேலும் கீழும் ஆடியே ஓயும். குழந்தையை உறங்கவைக்க அந்த ஆட்டம் உகந்தது. ஏறத்தாழ 1,400 கிலோகிராம் நிறையுள்ள காருக்கு அது உகந்ததன்று. வில்லின் ஆட்டத்தை ஓரிரு அசைவோடு அடக்குவதே ஷொக்கின் தொழில். இங்கிலாந்துப் பொறியியலாளர் இதனை டாம்பர், அதாவது அடக்குவது, என்றே வழங்குவர். அதுவே பொருத்தமான பெயர்.

அது அடக்கும் விதம் எளிது. எண்ணெய் நிறைந்த குழாய்க்குள் ஒரு பிஸ்டன் இருக்கிறது. பிஸ்டனில் நுண்ணிய துளைகளும் வால்வுகளும் உள்ளன. சில்லு அசையும்போது பிஸ்டனும் அசைந்து, எண்ணெயை அத்துளைகளின் வழியே பிழிந்து தள்ளுகிறது. கடல்நீரில் கையை மெல்ல அசைத்தால் நீர் எளிதாக வழிவிடும். வேகமாக வீசினால் எதிர்த்து நிற்கும். இதுவும் அதே இயல்பே: ஆட்டம் எவ்வளவு விரைவானதோ, எதிர்ப்பும் அவ்வளவு வலியது. இவ்வாறு அடக்கப்பட்ட ஆட்டத்தின் ஆற்றல் சூடாக மாறி, குழாயின் சுவர் வழியே காற்றிற் கலந்துவிடுகிறது. கரடுமுரடான வீதியில் ஓடி வந்த வண்டியின் ஷொக் கைக்குச் சூடாக இருப்பது இதனாலேயே. ஒரே அச்சிலுள்ள இரண்டில் ஒன்று சூடாகவும் மற்றது குளிர்ந்தும் இருந்தால், குளிர்ந்திருப்பது வேலை செய்யவில்லை என்று ஐயுறலாம்.

சூடேறிய எண்ணெயில் நுரை தோன்றினால் அதன் எதிர்ப்புக் குன்றிவிடும். இக்குறையை நீக்க, அமுக்கிய வாயுவினால் எண்ணெயை எந்நேரமும் நெருக்கி வைக்கும் முறையை 1950களில் பிரெஞ்சுப் பொறியியலாளர் டி கார்பன் வகுத்தார். ஜேர்மனியின் பில்ஸ்டைன் நிறுவனத்தார் அம்முறையில் அமைத்த ஷொக்குகள் 1957ஆம் ஆண்டில் மெர்ஸிடிஸ் பென்ஸ் கார்களில் இடம்பெற்றன. இன்று பெரும்பாலான கார்களில் ஏதோ ஒரு வகையில் வாயு சேர்ந்த ஷொக்குகளே உள்ளன.

இனி, இரவில் அந்த வண்டி ஏன் உரிய இடத்தில் நிற்கவில்லை என்பதைப் பார்ப்போம். பிரேக் சில்லை நிறுத்துகிறது. வண்டியை நிறுத்துவது டயரும் வீதியும் ஒன்றையொன்று பற்றும் பிடிப்பே. டயர் வீதியில் அழுந்தியிருக்கும் வரைதான் அந்தப் பிடிப்பு உண்டு. அடக்குவாரற்ற சில்லு ஒரு செக்கனில் பத்து அல்லது பன்னிரண்டு தடவை துள்ளும் இயல்புடையது. மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வண்டி ஒரு செக்கனில் ஏறத்தாழ 28 மீற்றர் தூரம் செல்கிறது. ஆகவே ஒவ்வொரு துள்ளலிலும் இரண்டு மீற்றருக்கு மேற்பட்ட வீதி கடந்துபோகிறது. அதில் ஒரு பகுதியில் டயர் நிலத்தைப் பற்றுவதேயில்லை, அல்லது அரைகுறையாகவே பற்றுகிறது. டயர் மீண்டும் பலமாக நிலத்தில் மோதும்போது பிடிப்புச் சற்று மிகுமாயினும், முன்னர் இழந்ததை அது ஈடுசெய்வதில்லை. மழைநீர் தேங்கிய வீதியில் இந்த இழப்பு இன்னும் பெரிது.

கொட்டாஞ்சேனை வீதிகளில் இந்தக் குற்றம் வெளிப்படுவதில்லை. துறைமுகத்துக்குச் செல்லும் பாரவண்டிகளுக்கும் முச்சக்கர வண்டிகளுக்கும் இடையே, ஜம்பட்டா வீதியிலோ ஆமர் வீதியிலோ ஊர்ந்து செல்லும் காருக்கு டயரின் முழுப் பிடிப்பும் தேவைப்படுவதில்லை. அந்த வேகத்தில் ஷொக் செத்த வண்டி மெத்தென்றிருக்கும், ஏறியவருக்குச் சுகமாயிருக்கும். பேலியகொடையைத் தாண்டி அதிவேக வீதியில் ஏறிய பின்னரே அந்தச் சுகத்தின் விலை தெரியும். மேலும், ஷொக் ஒரே நாளில் கெடுவதில்லை. எண்ணெய் சிறிது சிறிதாகக் கசிகிறது, வாயு மெல்ல வெளியேறுகிறது, வால்வுகள் தேய்கின்றன. நாள்தோறும் அதே வண்டியை ஓட்டுபவர் தம்மை அறியாமலே அதற்குப் பழகிவிடுகிறார். சொகுசு வண்டியாயின், மென்மையே அதன் சிறப்பென்று எண்ணித் தேய்வையும் சிறப்பாகக் கொள்கிறார். வேறெவரும் அவரை எச்சரிப்பதுமில்லை. ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் பெறுவதற்குத் தனியார் கார்கள் புகைப் பரிசோதனைக்கு உட்படுகின்றன. அங்கே புகையை அளப்பார்களேயன்றி ஷொக்கைப் பார்ப்பதில்லை.

எனவே உரிமையாளரே பரிசோதிக்க வேண்டும். காரின் ஒரு மூலையை அமுக்கி விட்டு, அது எத்தனை முறை ஆடுகிறது என்று பார்ப்பது பலரும் அறிந்த வழி. ஒரு தடவைக்கு மேல் ஆடினால் ஷொக் கெட்டது உறுதி. ஆனால் ஆடாமல் நின்றதனாலேயே அது நல்லதென்று முடிவு செய்யலாகாது. கனத்த வண்டியைக் கையால் அமுக்கும் வேகம் சிறிது. வீதியிற் சில்லு துள்ளும் வேகம் பெரிது. பழைய வண்டியின் இறுகிய இறப்பர்ப் பாகங்களும் ஆட்டத்தைத் தடுத்து, கெட்ட ஷொக்கை நல்லதாகக் காட்டக்கூடும். இதைவிட நம்பத்தக்க சாட்சிகள் சில உண்டு. குழாயில் எண்ணெய் ஈரம் உள்ளதா என்று பாருங்கள். டயரின் மேற்பரப்பை உள்ளங்கையால் தடவுங்கள். இடையிடையே குழி விழுந்து அலைபோல் தேய்ந்திருந்தால், சில்லு துள்ளித் துள்ளி ஓடியிருக்கிறது. பிரேக் பிடிக்கையில் முகம் மிகத் தாழ்கிறதா, பாலத்தின் இணைப்பைக் கடந்த பின்னும் வண்டி மிதக்கிறதா என்று கவனியுங்கள்.

மாற்றுவது என்று துணிந்தால், முதல் விதி இணையாக மாற்றுவது. நண்பர் செலவைக் குறைக்க எண்ணி, அதிகம் கசிந்த ஒன்றை மட்டும் மாற்றும்படி கேட்டார். மெக்கானிக் மறுத்துவிட்டார். ஒரு பக்கம் இறுக்கமாகவும் மறுபக்கம் தளர்வாகவும் இருந்தால், பிரேக் பிடிக்கும்போதும் வளைவிலும் வண்டி ஒரு பக்கம் சாயும். நான்கையும் ஒருங்கே மாற்றப் பணம் போதாவிடின், முதலில் ஓர் அச்சின் இரண்டை மாற்றி, சில மாதங்களின் பின் மற்ற இரண்டை மாற்றலாம்.

இரண்டாவது விதி உயிர் பற்றியது. 1950ஆம் ஆண்டில் வெளிவந்த போர்ட் கொன்சல், செபர் கார்கள் மூலம் பரவலாக அறிமுகமான மக்பர்சன் ஸ்ட்ரட் அமைப்பில், ஷொக்கைச் சுற்றியே சுருள்வில் இருக்கும். அதனைப் பிரிப்பதற்கு வில்லை நெருக்கிப் பிடிக்கும் கருவி வேண்டும். அது இன்றி மேல் நட்டைக் கழற்றினால், வில் பாய்ந்து மனிதனைக் கொல்லவும் கூடும். 124 வகை பென்ஸ் காரின் முன்புறத்திலும் ஸ்ட்ரட் உண்டு; ஆனால் வில் அதனைச் சுற்றி இல்லாமல், உட்புறத்தில் கீழ்க் கையின்மேல் தனியாக அமர்ந்திருக்கிறது. இதைக் கண்டு, இங்கே அபாயமில்லை என்று நினைப்பவர் உண்டு. அது தவறு. சில்லு தொங்கும்போது கீழ்க் கை அளவுக்கு மிஞ்சிக் கீழே இறங்காமல் தடுத்து நிற்பது அந்த ஸ்ட்ரட்டே. வண்டியை உயர்த்திய நிலையில், கீழ்க் கைக்கு ஜாக்கி கொடுத்துத் தாங்காமல் ஸ்ட்ரட்டைக் கழற்றினால், அடைபட்டிருந்த வில் கையைக் கீழே அறைந்து வெளியே பாயும். வண்டியை உறுதியான தாங்கிகளில் நிறுத்தி, கீழ்க் கைக்குத் தனி ஜாக்கி வைத்த பின்னரே ஒரு நட்டையேனும் தொட வேண்டும்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை வேறு சிலவும் உள. ஷொக்கின் பளபளப்பான தண்டைக் குறட்டினால் பற்றித் திருகலாகாது. அதில் ஒரு கீறல் விழுந்தாலும், அது மேலும் கீழும் சென்று எண்ணெய் அடைப்பைக் கிழித்துவிடும். புதிய ஷொக் சில மாதங்களிலேயே கசியும். மேல் மவுண்ட், முட்டு இறப்பர், தூசி மறைப்பு ஆகியவற்றையும் அதே வேளையில் மாற்றுவது நன்று; இவற்றின் விலை சிறிது, மறுபடி கழற்றும் கூலியோ பெரிது. இறப்பர் புஷ் உள்ள இடங்களில், வண்டி தன் பாரத்தில் நிலத்தில் நின்ற பின்னரே போல்டை இறுதியாக இறுக்க வேண்டும். தூக்கிய நிலையில் இறுக்கினால் இறப்பர் எந்நேரமும் முறுகி நின்று விரைவிற் கிழியும். முன் ஸ்ட்ரட்டைக் கழற்றிப் பூட்டிய பின் வீல் அலைன்மென்ட் பார்ப்பதும் அவசியம்.

எங்கே வாங்குவது? கொழும்பில் உதிரிப்பாகம் என்றால் எவரும் பஞ்சிகாவத்தையை நினைப்பர். அங்கே புதியவையும் உண்டு. வெளிநாட்டு வண்டிகளிலிருந்து கழற்றி வந்த பழையவையும் உண்டு. கதவையோ கண்ணாடியையோ பழையதாக வாங்குவதில் தவறில்லை. ஷொக் அவ்வாறானதன்று. ஓடாமற் கிடந்தாலும் அதன் இறப்பர் அடைப்பு முதுமையடைகிறது. முன்னர் எத்தனை ஆயிரம் கிலோமீற்றர் ஓடியது என்பதையும் அறிய முடியாது. வாயு அடைத்த குழாயைத் துளைத்து எண்ணெய் மாற்றி ஒட்டவைப்பது இன்னும் அபாயமானது. வேறு வழியின்றிப் பழையதை வாங்குபவர், அதனை நிமிர்த்திப் பிடித்து, தண்டை முழு நீளத்துக்கும் மெல்ல அமுக்கியும் இழுத்தும் பார்க்கட்டும். திரும்பும் இடத்தில் எதிர்ப்பின்றி ஒரு வெறுமை தோன்றினால், அதைக் கடையிலேயே விட்டுவிட்டு வரட்டும்.

நண்பர் முதலில் முன்புற இரண்டையும், மூன்று மாதங்களின் பின் பின்புற இரண்டையும் புதியனவாக மாற்றினார். முதல் வாரத்தில் வண்டி கடினமாகிவிட்டது என்று குறைப்பட்டார். ஏணையின் சுகம் போயிற்றென்று வருந்தினார். பின்னர் ஒரு நாள் மழையில், அதே அதிவேக வீதியில், குறுக்கே வந்த நாய்க்காகப் பிரேக்கை அழுத்தினார். வண்டி தலை குனியாமல், வால் அலையாமல், நேராக நின்றது. அன்று பின்னிருக்கையில் மகளும் பேரக்குழந்தையும் இருந்தனர். அதன் பின் அவர் ஏணையைப் பற்றிப் பேசுவதில்லை.

பழைய வண்டி வைத்திருப்போர் நிறத்துக்கும் இருக்கைக்கும் செலவிடுமுன், முன்சில்லின் உட்புறத்தை ஒரு முறை குனிந்து பார்ப்பார்களாக. அங்கே எண்ணெய் கசிந்திருந்தால், அடுத்த நெடும்பயணத்துக்கு முன்பே அதனைச் சீர்செய்வார்களாக.