கூப்பாத கைகள்

சென்ற ஆடித் திருவிழாவில் உடப்புத் திரௌபதையம்மன் சந்நிதியில் நின்று கைகூப்பினேன். அருகில் நின்ற மாணவன் ஒருவன், "ஐயா, உங்கள் கைகள் முழுதுஞ் சேரவில்லையே" என்றான். நோக்கினேன். விரல் நுனிகள் தொட்டன. உள்ளங்கைகளுக்கும் விரல்களின் அடிக்கும் இடையே வெளிச்சந் தெரிந்தது. முதுமை என்று சொல்லி நகைத்துவிட்டேன்.

வைத்தியர் நகைக்கவில்லை. "நீரிழிவு எத்தனை ஆண்டாக?" என்றுதான் வினவினார். பதினான்கு ஆண்டு. இந்நிலைக்கு மருத்துவ நூலார் இட்ட பெயர் வணக்கக் குறி என்பதாம். புளோரிடாவில் ரோசன்புளூம் முதலியோர் 1974இல் நீரிழிவுற்ற இளையோரின் மூட்டிறுக்கத்தைப் பற்றி எழுதினர். இளையோர்க்கும் வருவதென்றால் முதுமை என்னும் என் சாக்கு எங்ஙனம் நிற்கும்?

எலும்பு, தசை, தோல் ஆகியவற்றைத் தொடுத்து நிற்பது தொடுப்பிழையம். அதன் முதன்மைப் புரதம் கொலாஜன். உடற்புரதத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு அதுவே. மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது அது. ஒவ்வோர் இழையிலும் மூன்றாம் இடந்தோறும் கிளைசின் என்னும் அமினோவமிலம் தவறாது வரும். மோனை பயின்ற செய்யுளைக் கண்டாற்போல மகிழ்ந்தேன்.

உடலிற் சர்க்கரையைப் புரதத்தோடு சேர்க்கும் நொதியங்கள் உண்டு. அவை இடமறிந்து சேர்ப்பன. விதிக்குட்பட்ட புணர்ச்சி அது. குருதியில் மிகுந்த குளுக்கோசோ நொதியத்தின் துணையின்றித் தானே சென்று ஒட்டுகின்றது. இதனைச் சந்தி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. தொடக்கத்தில் இவ்வொட்டு நெகிழக்கூடியது. நாட்செல்ல உருமாறி, அயலிலுள்ள இழையையும் பற்றிப் பிணைத்துவிடும். சர்க்கரையும் அமினோவமிலமும் வெப்பத்தாற் கூடிப் பழுப்பாதலைப் பிரெஞ்சு அறிஞர் மயார் 1912இல் விளக்கினார். பாணின் மேற்றோல் சிவப்பதும் அவ்வகையினதே. போறணையில் நாழிகைக்குள் நிகழ்வது நம் உடம்பின் இளஞ்சூட்டில் ஆண்டுக்கணக்காக நிகழ்கின்றது.

குருதியிலும் இஃது உண்டு. நீரிழிவாளரின் ஈமோகுளோபினில் உள்ள மாறுபாட்டைத் தெகுரானில் சாமுவேல் ரக்பர் 1968இல் கண்டார். மூன்று மாதச் சர்க்கரை என்று நாம் வழங்கும் பரிசோதனை அதன் வழியே வந்தது. செங்குருதிக் கலம் ஏறத்தாழ 120 நாள் வாழ்ந்து அழியும்; பிழையும் அதனோடு போம். கொலாஜனோ பல்லாண்டு நிலைப்பது. அதிற் படிந்த பிழை எளிதில் நீங்காது. எங்கள் ஊர்க் கரைவலைக் கயிற்றிற் பாணி ஊற்றிக் காயவிட்டால் அது வளைந்து கொடுக்குமா? என் கைகளும் அவ்வாறாயின. சர்க்கரையைக் கட்டுப்படுத்தினால் மேலும் இறுகுவது தணியும் என்றார் வைத்தியர். பழைய பிணைப்பை அவிழ்ப்பேன் என்று அவர் சொல்லவில்லை.

2005-2006இல் இலங்கையில் நடந்த ஆய்வு, 20 வயதுக்கு மேற்பட்டோருள் பத்தில் ஒருவர்க்கு நீரிழிவு உண்டெனக் கண்டது. எம் வீட்டில் இருவர். மற்றவர் என் மனைவியின் தம்பி. ஆண்டுதோறும் தீமிதிப்பவர். அவர் பாதங்களில் உணர்ச்சி குன்றியிருப்பதை அண்மையில் அறிந்தேன். மூட்டு இறுகிய காலில் நடையின் அழுத்தம் ஓரிடத்தே குவியும்; உணர்வற்ற காலிற் புண் தோன்றுவது தெரியாது; தோன்றியது ஆறுவதும் அரிது. இவ்வளவும் எடுத்துரைத்தேன்.

"அத்தான், அம்மாளுக்கு வைத்த நேர்த்தி. சுடாமல் இருப்பதே அவள் அருள் என்றிருந்தேன்" என்றார்.

யான் விடை கூறவில்லை. காலைக் காட்டும்படி மட்டும் கேட்டேன். நெடுநேரம் இருந்து, செருப்பைக் கழற்றினார்.