ஹேண்டில்பாருக்குள்ள ஒயர்: நேர் ரோடு சொல்லாததை மலை சொல்லும்

திருத்தணிக்கு பைக்ல போறவங்களுக்கு ரெண்டு வழி. அடிவாரத்துல வண்டியை விட்டுட்டு 365 படி ஏறலாம். இல்லைன்னா மலைப்பாதையில வண்டியிலேயே மேலே போகலாம். இந்த எபிசோடு ரெண்டாவது வழிக்காரங்களுக்கு, அதுலயும் ஹேண்டில்பாருக்குள்ள ஒயர் விட ஆசைப்படுறவங்களுக்கு. சென்னையில இருந்து திருவள்ளூர் தாண்டி வர்ற வரைக்கும் ஹேண்டிலை ஒடிக்கிற வேலையே கம்மி. மலை வளைவுலயும், மேலே கூட்டத்துக்கு நடுவுல வண்டியைத் திருப்பி நிறுத்தும்போதும்தான் ஹேண்டில் நல்லா ஒடியும். ஒயர் எங்கேயாவது இழுபட்டா அங்கேதான் தெரியும்.

சாதாரணமா சுவிட்ச்ல இருந்து வர்ற ஒயர் கொத்து பாரோட வெளிப்பக்கமா ஹெட்லைட் வரைக்கும் வரும். அதைக் குழாய்க்குள்ள விட்டா பார் மட்டும் பளிச்னு தெரியும். கஃபே ரேசர் ஆசை உள்ளவங்க எல்லாரும் கேக்குறது இதைத்தான். ஐடியா ஒண்ணும் புதுசில்ல, நூறு வருஷத்துக்கு முந்தைய ஹார்லி டேவிட்சன்லயே ஆக்சிலேட்டர் கண்ட்ரோல் பாருக்குள்ளதான் ஓடிச்சு. நம்ம புல்லட் மாதிரி வண்டியில ஆக்சிலேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள், பிரேக் ஹோஸ் மூணும் வெளியிலதான் இருக்கும். உள்ளே போறது கரண்ட் ஒயர் மட்டும்.

பெரும்பாலும் பாரோட வெளிவிட்டம் 22 மில்லிமீட்டர். இரும்போட கனம் போக உள்ளே 17, 18 மிஞ்சும். ஒயர் போகும், கப்ளர் போகாது. உடனே ஒயரை வெட்டி, உள்ளே விட்டு, திரும்ப முறுக்கி டேப் சுத்துறாங்க பாருங்க, அந்த வேலை வேண்டவே வேண்டாம். பேட்டரி நெகட்டிவைக் கழட்டுங்க. கப்ளரை போட்டோ எடுத்துக்கிட்டு, ஒவ்வொரு பின்னோட நாக்கையும் மெல்லிசான கம்பியால அமுக்கி வெளியே எடுங்க. சைக்கிள் பிரேக் கம்பியை முதல்ல பாருக்குள்ள விட்டு, அதுல ஒயர் நுனிகளை ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா வெச்சுக் கட்டி, முகப்பவுடர் கொஞ்சம் தடவி இழுத்தா வளைவுலயும் வழுக்கிட்டு வந்துரும். ஒருத்தர் இழுக்கணும், ஒருத்தர் தள்ளணும். தனியா பண்ணா கோபம்தான் வரும்.

உண்மையான ஆபத்து ஓட்டையில இருக்கு. ரெண்டு சுவிட்ச்சுக்கு அடியில ஒவ்வொண்ணு, நடுவுல கிளாம்ப் ரெண்டுக்கும் மத்தியில கீழ்ப்பக்கமா ஒண்ணு. கிளாம்ப்பை ஒட்டி ஓட்டை போடவே கூடாது. பிரேக் அடிக்கும்போது நம்ம உடம்பு எடை முன்னாடி சாய்ஞ்சு பாரை அங்கதான் வளைக்கும். என்னைக் கேட்டா, கம்பெனியிலேயே ஓட்டை போட்டு வர்ற பாரை வாங்குறதுதான் புத்திசாலித்தனம். அதுலயும் விளிம்பை விரலால தடவிப் பாருங்க. பிசிறு தட்டுப்பட்டா உருண்டை அரத்தால தேய்ச்சு, ரப்பர் புஷ் மாட்டுங்க.

ஏன் இவ்வளவு சொல்றேன்னா, பார் வண்டியோட எர்த். ஓட்டையோட விளிம்பு ஒயர் தோலை அறுத்து, உள்ள இருக்கிற செம்பு பாரைத் தொட்டா ஷார்ட். லைட் ஒயரா இருந்தா ஃபியூஸ் போய், ராத்திரி இறக்கத்துல ஹெட்லைட் அணைஞ்சிரும். கில் சுவிட்ச் ஒயரா இருந்தா என்ஜினே நிக்கும். ஏத்தத்துல, வளைவுல, பின்னாடி பஸ் வரும்போது நின்னா என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க.

வாரண்டி இருக்கிற வண்டின்னா ஒயரிங்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி அந்தப் புத்தகத்தைப் படிச்சுருங்க. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ம் ஞாபகம் இருக்கட்டும்: ஆர்சி-ல இருக்கிற விவரம் மாறுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. பார்டர் தாண்டி நகரி போனாலும் இதேதான், மத்திய சட்டம்.

கடைசியா சோதனை. நடு ஓட்டையில இருந்து ஹெட்லைட் வரைக்கும் ஒயர்ல ஒரு சின்ன வளையம் தளர்வா விட்டிருக்கணும். வண்டியை நியூட்ரல்ல ஸ்டார்ட் பண்ணி, ஹெட்லைட், இண்டிகேட்டர் போட்டு, ஹேண்டிலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெதுவா இருபது தடவை ஒடிங்க. லைட் மினுக்கினா ஒயர் இழுபடுது. என்ஜின் சத்தம் தானா ஏறினா ஆக்சிலேட்டர் கேபிள் இழுபடுது. ரெண்டுல எது நடந்தாலும் அன்னிக்கு மலைக்கு வண்டி வேண்டாம், படி இருக்கு.