பிள்ளை பார்ப்பதும் ஒரு தொழிலே: திண்ணைக் காப்பகத்துக்குக் கணக்கு நோட்டு எதற்கு?



குழந்தைக் காப்பகம் என்றவுடன் வண்ணம் பூசிய ஒரு கட்டடமும் ஊஞ்சலும் நம் கண்முன் வரும். பெரம்பலூர், அரியலூர் பகுதிக் கிராமங்களைப் போன்ற இடங்களில் அதற்கு வேறொரு உருவமும் உண்டு. ஒரு வீட்டுத் திண்ணை, விட்டத்தில் கட்டிய ஒரு தூளி, தம் பிள்ளையோடு அண்டை வீட்டுப் பிள்ளைகள் நான்கைந்து பேரையும் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண், அவ்வளவுதான். பெயர்ப்பலகை இராது. கேட்டால், "சும்மா வீட்டிலேதான் இருக்கேன்" என்பார். அவர் சும்மா இருப்பதால்தான் நான்கைந்து தாய்மார் வேலைக்குப் போக முடிகிறது. இப்படிப்பட்ட பெண்களுக்குத் தொழில் நிர்வாகப் பயிற்சி ஏன் தேவை, அதனால் என்ன ஆகும், என்ன ஆகாது என்பதை இங்கே விளக்க விரும்புகிறோம்.

தேவை எங்கிருந்து வருகிறது?

பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பெரம்பலூர் 1995-இல் பிரிந்தது. அரியலூர் 2007-இல் மீண்டும் தனி மாவட்டமாயிற்று. செட்டிகுளம், ஆலத்தூர் பக்கம் சின்ன வெங்காயம், மக்காச்சோளம், பருத்தி. செந்துறை, ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரி. அரியலூரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல்லும் சிமெண்ட் ஆலைகளும். களையெடுப்பு, பருத்தி எடுப்பு, வெங்காய அறுவடை ஆகியவற்றில் பெரும்பகுதி பெண்கள் கைவேலை. வெயில் ஏறுமுன் வேலை தொடங்கிவிடும். பால்வாடி திறக்கும் வேளைக்குத் தாய் காட்டில் பாதி வரப்பு முடித்திருப்பாள்.

1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் நம் மாநிலத்தில் பெரும் பணி ஆற்றி வருகிறது. ஆயினும் நம் அங்கன்வாடிகள் பகல் முழுதும் வைத்துப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் இரண்டு வயது கடந்த பிள்ளைகளையே. கைக்குழந்தைக்குச் சத்துமாவு கிடைக்கும். பகலெல்லாம் மடியில் வைத்துக்கொள்ள ஆள் கிடைப்பதில்லை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் காப்பக அறை இருக்க வேண்டும் என்று விதித்தது. வயல்காட்டுக்கு அப்படி ஒரு விதி இல்லை.

பாட்டி இருக்கும் வீட்டில் கவலை குறைவு. இல்லாத வீட்டில் மூத்த பெண் பிள்ளை பள்ளிக்கு மட்டம் போட்டுத் தம்பியைப் பார்க்கிறாள். அல்லது கைக்குழந்தை வரப்போரப் புளியமரத்துத் தூளியில் தொங்குகிறது. கொதிக்கும் குழம்பு, மூடாத தண்ணீர்த் தொட்டி, தொண்டையில் சிக்கும் நிலக்கடலை, பூச்சிமருந்து டப்பா ஆகியவற்றால் வரும் ஆபத்துகளுக்கு மருந்தைவிடப் பார்த்துக்கொள்ள ஒரு பெரியவர் பக்கத்தில் இருப்பதே முதல் தற்காப்பு.

நோட்டைத் திறந்தால் தெரிவது

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் எடுத்துக்காட்டுக்காக நாம் வைத்துக்கொண்டவை. ஒரு பெண் 6 பிள்ளைகளைப் பார்க்கிறார். பிள்ளைக்கு நாளொன்றுக்கு 40 ரூபாய். மாதம் 24 நாள். வரவு 5,760 ரூபாய். பால், கஞ்சி, சுண்டல் வகைக்குப் பிள்ளைக்கு 12 ரூபாய் என்றால் மாதம் 1,728 ரூபாய். எரிவாயு, சோப்பு, பினாயில், துணி, பாய், பாத்திரத் தேய்மானம் எல்லாம் சேர்த்து 850 ரூபாய். மொத்தச் செலவு 2,578 போக, மீதி 3,182 ரூபாய். நாளொன்றுக்கு 132 ரூபாய். ஒன்பது மணி நேர வேலைக்கு மணிக்கு 15 ரூபாய்கூட இல்லை.

நோட்டு இல்லாதபோது அவர் கண்ணில் படுவது 5,760 மட்டுமே. அது வீட்டு அரிசிக்கும் சீட்டுக்கும் போய்விடும். பால்காரர் பாக்கி கைமாற்றாக நிற்கும். ஆறு மாதத்தில் "இது கட்டுப்படியாகலை" என்று நிறுத்திவிடுவார். அன்றைக்கு ஆறு தாய்மாரின் கூலியும் நின்றுபோகும். ஒரு பெண்ணின் கணக்குப் பிழை ஆறு குடும்பங்களின் அடுப்பைத் தொடுகிறது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

பயிற்சியில் கற்றுத்தருவது என்ன?

சர்வதேச தொழிலாளர் அமைப்பு உருவாக்கிய சிறுதொழில் தொடங்கும், மேம்படுத்தும் பயிற்சி 100-க்கும் மேற்பட்ட நாடுகளில் நடந்திருக்கிறது. நம் நாட்டிலோ 1982-இல் கர்நாடகத்தின் உஜிரேயில் தொடங்கிய கிராமப்புற சுயவேலைவாய்ப்புப் பயிற்சி முறை, பின்னர் மாவட்டத்துக்கு ஒன்று என்ற நோக்கோடு வங்கிகள் வழியாக விரிந்தது. இவற்றின் அடிப்படைப் பாடங்களைப் பிள்ளை பார்க்கும் தொழிலுக்குப் பொருத்தினால் நான்கு காரியங்கள் முக்கியமானவை.

முதலாவது, இரண்டு சுருக்குப்பை. காப்பகப் பணம் ஒன்றில், வீட்டுப் பணம் இன்னொன்றில். தம் உழைப்புக்கு ஒரு தொகையை நிர்ணயித்து, அதை மட்டும் வாரம் ஒருமுறை வீட்டுப் பைக்கு மாற்ற வேண்டும்.

இரண்டாவது, கட்டணம் வாங்கும் முறை. மேற்சொன்ன கணக்கில் இரண்டு பிள்ளைகள் ஆறு நாள் வராவிட்டால் 480 ரூபாய் வரவு குறையும். உணவில் மிச்சம் 144 மட்டுமே. ஆகவே, வந்த நாளுக்கு என்றில்லாமல், பிள்ளைக்கு ஒதுக்கிய இடத்துக்கு என்று கட்டணம் பேசிக்கொள்வது நல்லது. கூலி வாரக் கடைசியில் கைக்கு வரும் ஊரில் கட்டணமும் வாரக் கடைசியில் வாங்கினால் இருவருக்கும் சிரமமில்லை.

மூன்றாவது, பருவம். அறுவடைக் காலத்தில் பிள்ளைகள் கூடுவார்கள்; அடைமழையில் வேலை நின்றால் குறைவார்கள். கூடும் மாதத்தில் ஒரு பங்கை எடுத்துவைத்தால் குறையும் மாதத்தில் கந்துவட்டிக்குப் போக வேண்டாம்.

நான்காவது, எல்லை. இதுவே எல்லாவற்றிலும் கடினமான பாடம். அதே கணக்கில் 8 பிள்ளைகளைச் சேர்த்தால் நாள் வருமானம் 188 ரூபாயாகும். "அப்படியானால் 15 பேரைச் சேர்க்கலாமே" என்று தோன்றும். ஒரு பெண்ணுக்கு இரண்டு கைகள்தானே? மத்திய அரசின் பால்னா காப்பகங்களில்கூட 25 பிள்ளைகளுக்கு ஒரு பணியாளரும் ஓர் உதவியாளரும் உண்டு. தனி ஆளாக, அதுவும் கைக்குழந்தைகளோடு இருப்பவர் எத்தனை பேரோடு நிறுத்த வேண்டும் என்பதும் நிர்வாகத் தீர்மானமே. லாபம் கூடும் இடத்தில் பாதுகாப்பு குறைந்தால் அது நல்ல தொழிலாகாது.

இவற்றோடு ஒரு வருகைப் பதிவு, பெற்றோரின் தொலைபேசி எண், தடுப்பூசி அட்டையின் நகல், தமக்குக் காய்ச்சல் வந்தால் பொறுப்பேற்கும் மாற்று ஆளின் பெயர் ஆகியவை நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பயிற்சி மட்டும் போதுமா?

நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால், போதாது. இலங்கையில் கொழும்பு வட்டாரப் பெண்களிடையே நடந்து 2014-இல் வெளியான ஓர் ஆய்வு இதைக் காட்டிற்று. ஏற்கெனவே தொழில் செய்துவந்தவர்களுக்குப் பயிற்சி மட்டும் அளித்தபோது லாபம் கூடவில்லை; பயிற்சியோடு சிறு மானியமும் சேர்ந்தபோது கூடியது, அதுவும் சில காலமே. புதிதாகத் தொடங்குவோருக்குப் பயிற்சி கூடுதலாக உதவியது. அதே ஆண்டு வெளியான டொமினிக்கன் குடியரசு ஆய்வு இன்னொன்றைச் சொன்னது: முறையான கணக்கியல் பாடத்தைவிட, வீட்டுப் பணத்தையும் தொழில் பணத்தையும் தனித்தனியே வை என்பது போன்ற எளிய கைவிதிகளே பெண்களின் கணக்குப் பழக்கத்தை மாற்றின. தடித்த பாடநூல் தேவையில்லை. நான்கு விதிகளும் ஒரு நோட்டும், மாதம் ஒருமுறை உடன் உட்கார்ந்து பார்க்க ஒருவரும் வேண்டும்.

இன்னொரு உண்மையும் உண்டு. எவ்வளவு திறமையாக நடத்தினாலும், கூலிக்காரத் தாய் தரக்கூடிய கட்டணத்தில் மட்டும் நல்ல காப்பகம் நடவாது. கட்டணத்தை உயர்த்தினால் தாயின் கூலியில் பெரும்பங்கு போய்விடும். உயர்த்தாவிட்டால் பார்ப்பவர் அரைவயிற்றோடு இருப்பார். 1972-இல் இளா பட் அம்மையார் தொடங்கிய சேவா அமைப்பு குஜராத்தில் இதைக் கண்டுகொண்டது. கேடா பகுதிப் புகையிலைத் தொழிலாளிப் பெண்களின் பிள்ளைகளுக்கும் அகமதாபாத் நகரப் பிள்ளைகளுக்கும் காப்பகங்களைக் கூட்டுறவுச் சங்கங்களாக அமைத்தார்கள். தாய்மார் ஒரு பங்கு தருகிறார்கள். மீதியை வேறு வழிகளில் திரட்டுகிறார்கள். பிள்ளை பார்ப்பவர்கள் சங்கத்தின் உறுப்பினர்கள். 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்திலும், வேலைத்தலத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகள் வந்தால் ஒரு பெண்ணை அவர்களைப் பார்க்க அமர்த்தி, அவருக்கும் கூலி தர வேண்டும் என்ற விதி இடம்பெற்றிருந்தது. மண் வெட்டுவதற்கு நிகரான வேலை பிள்ளை பார்ப்பது என்று ஒரு சட்டமே ஒப்புக்கொண்டது.

ஆகவே பயிற்சியின் பெரும் பயன், பற்றாக்குறையை அடைப்பதல்ல, அதைத் தெளிவாகக் காட்டுவது. "கஷ்டமாக இருக்கிறது" என்பதற்குப் பதிலாக, "மாதம் இவ்வளவு குறைகிறது, இந்த வகையில் குறைகிறது" என்று ஒரு பெண் சொல்ல முடிந்தால், ஊராட்சியிடமும் வங்கியிடமும் சுய உதவிக்குழுவிடமும் அவர் தலைநிமிர்ந்து பேசலாம்.

நீங்கள் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

சபைகளிலும் சங்கங்களிலும் குழந்தைகளுக்கென்று காணிக்கை சேகரிக்கும்போது, பொம்மையும் சீருடையும் வாங்கித்தர நமக்கு ஆசை. அவை நல்லவையே. ஆயினும் எந்தக் காப்பகத்துக்குக் கொடுத்தாலும் மூன்று கேள்விகளை அன்போடு கேளுங்கள். பார்த்துக்கொள்ளும் பெண்ணின் கைக்கு மாதம் எவ்வளவு போகிறது? ஒருவர் பொறுப்பில் எத்தனை பிள்ளைகள்? அவருக்கு உடம்புக்கு முடியாத நாளில் யார் வருவார்?

இம்மூன்றுக்கும் நோட்டைப் பார்த்துப் பதில் சொல்லக்கூடிய இடத்தில் உங்கள் காசு வீணாகாது. பதில் இல்லாத இடத்தில் முதலில் கொடுக்க வேண்டியது, ஒருவேளை, அந்த நோட்டுதான்.